தக்காளி முட்டைக்கு எந்த முட்டை, எந்தச் சட்டி?

பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி: நானும் கணவரும் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். வீடு வந்து சேர இரவு ஏழாகிவிடும். அதற்குமேல் மீன் கழுவி, கோழி வெட்டிச் சமைக்கத் தெம்பு இருப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் தக்காளியை வதக்கி, அதிலேயே முட்டையை உடைத்து ஊற்றி, ரொட்டியோடு சாப்பிட்டுவிடுகிறோம். இரண்டு பிள்ளைகளுக்கும் பிடித்திருக்கிறது. எந்த கிரேடு முட்டை வாங்கினால் கட்டுப்படியாகும்? எங்கள் கடைக்காரர் 'ஏ'தான் நல்ல முட்டை என்கிறார். – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கடைக்காரர் பாதிதான் சொல்லியிருக்கிறார், அம்மா. நம் மலேசியாவில் ஏ, பி, சி என்பது முட்டையின் எடையைக் குறிக்கிறது. ஏ என்றால் 65 கிராமுக்குக் குறையாதது, பி 60 கிராமிலிருந்து, சி 55 கிராமிலிருந்து. ஒரே பண்ணையில் ஒரே நாளில் இட்ட முட்டைகளே மூன்று கிரேடாகவும் பிரிந்து வரும். புதிதா பழையதா, ருசியா இல்லையா என்பதற்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தமில்லை.

சரி, எது லாபம்? 2024 ஜூனில் தீபகற்பத்தில் அரசாங்கம் நிர்ணயித்த விலையை வைத்துக் கணக்குப் பார்ப்போம்: ஏ 42 சென், பி 40 சென், சி 38 சென். நூறு கிராமுக்கு என்று பார்த்தால் ஏ ஏறக்குறைய 65 சென், சி 69 சென். எடைக்கு வாங்குகிறவருக்குப் பெரிய முட்டையே மலிவு. ஆனால் நீங்கள் எடைக்கா சமைக்கிறீர்கள்? தலைக்கு ஒரு முட்டை என்று எண்ணித்தானே உடைக்கிறீர்கள். அப்படியானால் சி போதும். 30 முட்டைத் தட்டுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) இருபது சென் மிச்சம். இன்னொன்று, சின்ன முட்டை தக்காளிக் குழிக்குள் அடங்கி உட்காரும், சீக்கிரம் வேகும். பொடிமாஸ், கேக் என்று அடித்துக் கலக்குகிற வேலைக்கு ஏ வாங்குங்கள்.

2025 ஆகஸ்டு 1 முதல் முட்டைக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் நீங்கிவிட்டன. இப்போது கடைக்குக் கடை விலை மாறும், கிரேடுகளுக்கு இடையிலான வித்தியாசமும் மாறும். அதனால் மேலே உள்ள கணக்கு முறையை வைத்துக்கொண்டு உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள். ஏ விலை கொடுத்து வாங்கிய தட்டில் பொடி முட்டைகள் கலந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் கடைத் தராசிலேயே தட்டை வைக்கச் சொல்லுங்கள். அட்டையின் எடையைக் கழித்துவிட்டு 30 முட்டை 1.95 கிலோவுக்குக் குறையக்கூடாது. பி என்றால் 1.8 கிலோ, சி என்றால் 1.65 கிலோ. ஒரு தடவை நிறுத்துப் பார்த்தால் போதும், அடுத்த தடவை உங்கள் முகத்தைப் பார்த்ததுமே நல்ல தட்டை எடுத்துக் கொடுப்பார்கள்.

புதிதா என்று பார்க்க வீட்டில் ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். புதுசு அடியில் படுத்திருக்கும். நாள்பட்டது ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மிதந்தால் தூக்கிப் போடுங்கள். நாள் ஆக ஆக ஓட்டின் நுண்துளை வழியே ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாவதுதான் காரணம். இந்தச் சமையலுக்கு இது முக்கியம். பழைய முட்டையின் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடித் தக்காளியோடு கலந்து, சட்டி முழுக்கத் திரிந்த பால் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொன்றாக ஒரு கப்பில் உடைத்துப் பார்த்த பிறகே சட்டியில் விடுங்கள்.

முட்டையைப் பற்றி இவ்வளவு கேட்ட நீங்கள் தக்காளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காசும் ருசியும் அங்கேதான் இருக்கிறது. நாலு பேருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் தக்காளி வேண்டும். கேமரன் மலையிலிருந்து இறங்கும் தக்காளி பெரும்பாலும் கெட்டியாக, அரைப்பழமாக வரும். லாரியில் நசுங்காமல் வரவேண்டுமே. சாலட்டுக்கு அது சரி. தொக்குக்கு அதை வாங்கினால் வதக்கி வதக்கிக் கை ஓய்ந்துவிடும், புளிப்பும் தூக்கலாக இருக்கும். இரண்டு மூன்று நாள் குளிர்பெட்டிக்கு வெளியே வைத்துப் பழுக்க விடுங்கள். இல்லையென்றால் இரவுச் சந்தை கலையும் நேரத்தில் போங்கள். அமுக்கினால் கொஞ்சம் அமுங்குகிற, யாரும் பொறுக்காமல் விட்ட பழத்தை விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். நமக்கு வேண்டியதும் அதுதான். தோல் வெடித்ததையும் காம்படியில் பூஞ்சை பிடித்ததையும் மட்டும் ஒதுக்குங்கள்.

நேரம் மிச்சப்பட ஒரு வழி: ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ தக்காளியை வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், மஞ்சள் போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மூன்று நாள் தாங்கும். வேலை முடிந்து வந்ததும் பாதியை எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, கரண்டியால் நாலு குழி பறித்து முட்டையை விட்டு மூடி போட்டால், சின்னத் தீயில் ஆறேழு நிமிடம். பிள்ளைகளுக்கு மஞ்சள் கருவும் இறுகட்டும். முழுதாக வேகாத முட்டை வயிற்றைக் கெடுக்கலாம்.

கேள்வி: தக்காளியை வதக்கி முட்டை ஊற்றும் சமையலை நானும் செய்வேன், அண்ணா. இரும்புச் சட்டி உடம்புக்கு நல்லது என்று வாங்கினேன். தக்காளி கறுத்து, ஒருவித உலோக வாடை அடிக்கிறது. சட்டி கெட்டுவிட்டதா? – வாசகர், கோல கெட்டில்

பதில்: சட்டி நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. நானும் இதே கூத்தை அடித்தவன்தான். பாட்டி காலத்து இரும்புச் சட்டியைத் தேய்த்து, எண்ணெய் பூசிப் பழக்கி, முதல் நாளே தக்காளியைக் கொட்டி அரைமணி நேரம் கொதிக்க வைத்தேன். எண்ணெய் படிந்து உண்டான கறுப்புப் பூச்சைத் தக்காளியின் அமிலம் தின்றுவிட்டது. அன்றைக்கு என் மனைவி சாப்பிடாமல் எழுந்து போனது இன்றும் ஞாபகம் இருக்கிறது. இரும்பில் தோசை சுடுங்கள், கத்தரிக்காய் வதக்குங்கள். தக்காளி, புளி சேர்வதற்கு எவர்சில்வர் நல்லது. வெறும் அலுமினியக் குவாலியும் (குழிவான வாணலி) அமிலத்தோடு சேராது. எவர்சில்வர் வாங்கும்போது அடிப்பக்கம் தடித்ததாகப் பாருங்கள். மெல்லிய தகடாக இருந்தால் நடுவில் தீய்ந்து ஓரம் பச்சையாக நிற்கும். மின்தூண்டல் அடுப்பு வைத்திருந்தால் கடைக்கு ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். அடியில் ஒட்டினால் அந்த அடுப்பு அதைச் சூடாக்கும்.

கேள்வி: இணையத்தில் '28 செ.மீ. ஒட்டாத சட்டி, மூடியுடன்' என்று 39 வெள்ளிக்கு வாங்கினேன். வந்தது 20 செ.மீ. மூடியும் இல்லை. கேட்டதற்கு 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று எழுதியிருப்பதைக் காட்டுகிறார்கள். நாலு முட்டைகூடக் கொள்ளவில்லை. – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: எப்படிக் கொள்ளும்? 28க்கும் 20க்கும் எட்டுதானே வித்தியாசம் என்று தோன்றும். பரப்பளவில் பார்த்தால் ஏறக்குறைய பாதி. போதாக்குறைக்குச் செ.மீ. கணக்கை மேல் விளிம்பில்தான் அளப்பார்கள், அடி இன்னும் சிறியது. நாலு பேர் வீட்டுக்கு 26, 28 வாங்குங்கள். மூடி இல்லாமல் இந்தச் சமையலே கிடையாது. முட்டையின் மேல்பக்கம் ஆவியில்தான் வேகிறது.

அந்த வாசகத்தைக் கண்டு பின்வாங்காதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் அதைப் பற்றிச் சொன்ன விவரத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டும். அந்த உரிமையை ஓர் அறிவிப்பு அட்டை பறித்துவிட முடியாது. முதலில் விற்பனைப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். பலர் இதைச் செய்வதற்குள் விற்பவர் விவரத்தை மாற்றிவிடுகிறார். சட்டியின் குறுக்கே அளவுகோலை வைத்து ஒரு படம், பொட்டலத்தின் முகவரித் தாளோடு ஒரு படம். வாங்கிய தளத்திலேயே பணத்தைத் திரும்பக் கேட்கும் பகுதி இருந்தால், 'பொருள் கிடைத்தது' என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன்பே அங்கே புகார் செய்யுங்கள்.

அதிலும் நடக்கவில்லை என்றால் பயனீட்டாளர் உரிமைக் கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, பொதுவாக அங்கே அவர்களுக்கு இடமும் கிடையாது. பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். 39 வெள்ளிக்கு இவ்வளவு அலைவதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பெரும்பாலும் 'தீர்ப்பாயத்துக்குப் போகிறேன்' என்று தேதி குறித்து எழுத்தில் அனுப்பினாலே பணம் வந்துவிடும். நான் அப்படித்தான் ஒரு மின்விசிறிக்கு வாங்கினேன்.

ஒட்டாத சட்டி என்பதால் இன்னொன்று. காலிச் சட்டியைப் பெரிய தீயில் காய விடாதீர்கள். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். இரும்புக் கரண்டியால் சுரண்டி உரிந்த சட்டிக்கு யாரிடமும் நஷ்டஈடு கேட்க முடியாது.

கேள்வி: வெள்ளிக்கிழமை நாங்கள் சைவம். மகள் முட்டையும் சைவம்தான் என்று வாதாடுகிறாள். பேரங்காடியில் 'சைவத் தீவன முட்டை' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அதை வாங்கலாமா? – வாசகர், பீடோர்

பதில்: முட்டை சைவமா என்ற வழக்கில் நான் நீதிபதியாக மாட்டேன், ஐயா. அது உங்கள் வீட்டு வழக்கம். பயனீட்டாளராக உங்களுக்குத் தெரிய வேண்டியது இது: கடையில் விற்கும் பண்ணை முட்டை சேவல் சேராமல் இடப்படுவது, அதில் குஞ்சு உண்டாகாது. எல்லாச் சாதாரணப் பண்ணை முட்டையும் அப்படித்தான். 'சைவத் தீவனம்' என்பது கோழி தின்றதைச் சொல்கிறது, முட்டையைச் சைவமாக்குவதில்லை. மஞ்சள் கரு ஆரஞ்சு நிறத்தில் இருந்தாலும் அது தீவனத்தின் வேலைதான். ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

முட்டையே வேண்டாம் என்றால் அதே தக்காளியில் தவ்வுத் (டோஃபு) துண்டுகளைப் போடுங்கள். தண்ணீரை நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு, உப்புச் சற்றுக் கூடுதலாக. அப்புறம், சீனர் கடைகளில் 'சைவம்' என்று எழுதிய பொட்டலத்தில் முட்டை இருக்கலாம், பூண்டு வெங்காயம் இருக்காது. பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: தக்காளிக்குப் பதில் போத்தல் தக்காளி சாஸ் ஊற்றினால் ஆகுமா? – மாணவர், தஞ்சோங் மாலிம்

பதில்: ஆகாது. போத்தலில் உள்ள பொருள் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருள் முதலில் வரவேண்டும் என்பது விதி. சாஸ் போத்தலைத் திருப்பிப் பாருங்கள், சீனியும் மாவும் எத்தனையாவது இடத்தில் இருக்கின்றன என்று. டின்னில் வரும் முழுத் தக்காளி வாங்குங்கள். 400 கிராம் டின் ஒன்று இரண்டு பேருக்குக் காணும். உப்பிய டின்னைத் தொடாதீர்கள்.