ஐந்து தாமஸ், இரண்டு வில்லியம்: பிட் வம்சத்தில் யார் யார்?

கேள்வி: மதராஸ் கவர்னராக இருந்த தாமஸ் பிட், பிரிட்டிஷ் பிரதமர் பிட்டுக்கு என்ன உறவு? (திருவொற்றியூர் வாசகர்)

பிரதமரான பிட்கள் இருவர். கவர்னர் தாமஸின் (1653–1726) மகன் ராபர்ட். ராபர்ட்டின் இரண்டாவது மகன் வில்லியம், 1708-ல் பிறந்த மூத்த பிட். அவருடைய இரண்டாவது மகனும் வில்லியம்தான், 1759-ல் பிறந்த இளைய பிட். ஆக, கவர்னர் மூத்தவருக்குத் தாத்தா, இளையவருக்குக் கொள்ளுத்தாத்தா. குழப்புவது தாமஸ் என்ற பெயர். கவர்னர், அவருடைய ஒரு மகன், மூத்த பிட்டின் அண்ணன், அந்த அண்ணனின் மகன், பேரன் என ஐந்து பேருக்கும் அதே பெயர். வம்சாவளி எழுதும்போது பெயரோடு பிறந்த ஆண்டையும் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு தலைமுறை காணாமல் போகும்.

உங்கள் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1708-ல் நவாப் தாவூத் கானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்த ஐந்து கிராமங்களில் திருவொற்றியூரும் நுங்கம்பாக்கமும் அடக்கம். அப்போது கோட்டையில் கவர்னர் இவர்தான் (1698–1709).

கேள்வி: வைரம் விற்ற பணத்தில்தான் இந்தக் குடும்பம் பார்லிமென்டுக்குள் நுழைந்ததாமே?

பாதிதான் சரி. கம்பெனியின் ஏகபோகத்தை மீறித் தனி வியாபாரம் செய்து சம்பாதித்த தாமஸ், கவர்னராவதற்கு முன்பே ஓல்ட் சாரம் என்ற தொகுதியின் நிலத்தை வாங்கிவிட்டார். ஆளில்லாத மேடு அது. ஓட்டு மனைக்கு உரியது, மனிதருக்கு அல்ல. மனைகள் எவர் கையிலோ, இரண்டு எம்.பி. இடங்களும் அவர் கையில். தேர்தலை ஒரு மரத்தடியில் நடத்தி முடித்துவிடுவார்கள். 1735-ல் மூத்த பிட் சபைக்குள் வந்ததும் இதே வாசல் வழியாகத்தான். 1832 சீர்திருத்தச் சட்டம் அதை அடைத்தது.

வைரம் அதற்குப் பிந்தியது. ஜம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 வராகனுக்கு வாங்கிய 410 காரட் கல், பட்டை தீட்டியபின் சுமார் 140 காரட். 1717-ல் பிரான்ஸின் ரீஜன்ட் (சிறுவனான மன்னனுக்காக ஆண்டவர்) அதை 1,35,000 பவுனுக்கு வாங்கினார். இன்று அது பாரிஸின் லூவர் அருங்காட்சியகச் சேகரிப்பைச் சேர்ந்தது. அந்தப் பணம் கார்ன்வாலில் போகோனாக் பண்ணையானது. தொகுதி முதலில், எஸ்டேட் பிறகு என்ற இந்த வரிசையை மாற்றிச் சொல்பவர்களே அதிகம்.

கேள்வி: மூத்த பிட் ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் பெற்றவர். மகன் இளைய பிட் எப்படி காமன்ஸ் என்ற கீழ்ச்சபையில் உட்கார்ந்தார்?

பட்டம் மூத்த மகனுக்கு மட்டும்தான். 1766-ல் மூத்த பிட் சாத்தம் ஏர்ல் ஆகிப் பிரபுக்கள் சபைக்குப் போனார். காமன்ஸில் முழங்கியவர் அதைவிட்டுப் போனது பெரிய தவறு என்றே சொல்வேன்; பிரதமரானது அப்போதுதான், செல்வாக்கு சரிந்ததும் அப்போதுதான். 1778-ல் அவர் இறந்ததும் பட்டம் மூத்த மகன் ஜானுக்குப் போயிற்று. தம்பி வில்லியம் வெறும் மிஸ்டர். 1781-ல் லௌதர் என்ற நிலப்பிரபு தயவில் ஆப்பிள்பி தொகுதிக்கு எம்.பி.; 1783 டிசம்பர் 19-ல், 24 வயதில், பிரதமர்.

கேள்வி: அந்த வம்சம் இன்றும் உண்டா?

மூத்த பிட்டின் ஆண் வழி அற்றுவிட்டது. இளைய பிட் மணமாகாமலே 1806-ல் காலமானார். அவர் கடனை அடைக்கப் பார்லிமென்ட் 40,000 பவுன் ஒதுக்கியது. ஜானுக்குப் பிள்ளை இல்லை, 1835-ல் பட்டம் ஒழிந்தது. அதற்கு முன்பே, 1804-ல், கேமல்ஃபோர்ட் பிரபுவான கடைசித் தாமஸ் துப்பாக்கிச் சண்டையில் மாண்டார். போகோனாக் அவர் அக்கா ஆனுக்குப் போனது. ஆனின் கணவர் வில்லியம் கிரென்வில், 1806–07-ல் பிரதமர். அவர் அப்பா ஜார்ஜும் ஒரு பிரதமர், மூத்த பிட்டின் மைத்துனர். இரு குடும்பமும் சேர்த்து எண்ணினால் நான்கு பிரதமர்கள். ஆனுக்கும் பிள்ளை இல்லை. 1864-ல் அவர் இறந்தபின் எஸ்டேட் கணவரின் தங்கை வழியான ஃபோர்ட்டெஸ்க்யூ குடும்பத்துக்குப் போய்விட்டது.