சட்ட ஆலோசனை: கிணற்றில் விழுந்து செத்த காட்டுப்பன்றியைப் புதைத்தது குற்றமா?

வாசகர் கடிதம்: தென்காசி மாவட்டம் கடையம் வட்டாரத்தில், மலையடிவாரத்தில் எனக்கு மூன்று ஏக்கர் பட்டா நிலம் உள்ளது. அதை ஒட்டிய ஒன்றரை ஏக்கரை வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுகிறேன். நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் காட்டுப்பன்றிகள் இரவோடு இரவாக உழுது போடுகின்றன. காட்டின் எல்லை சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். இப்போது பன்றியைச் சுடலாம் என்று அரசே சொல்லிவிட்டதாக ஊரில் பேசுகிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் மோட்டார் அறையிலிருந்து கம்பி இழுத்திருக்கிறார். என்னையும் அப்படியே செய்யச் சொல்கிறார். போன வாரம் கைப்பிடிச் சுவர் இல்லாத எங்கள் பழைய கிணற்றில் ஒரு பன்றி விழுந்து செத்துக் கிடந்தது. வம்பு வேண்டாம் என்று வரப்போரம் புதைத்துவிட்டோம். இதனால் எனக்குச் சிக்கல் வருமா? பயிருக்கு இழப்பீடு கிடைக்குமா?

பதில்: நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட கிணற்று விவகாரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 39-ஆம் பிரிவின்படி, வேட்டையாடப்பட்ட விலங்கு மட்டுமல்லாமல், இறந்து கிடக்கக் காணப்படும் வன விலங்கும் தவறுதலாகக் கொல்லப்பட்ட வன விலங்கும் அரசின் சொத்தாகும். அத்தகைய சொத்து எந்த வகையில் ஒருவர் கைக்கு வந்தாலும், அவர் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். உங்கள் கடிதம் என் கைக்கு வரும்போதே அந்தக் கெடு கடந்துவிட்டது. பன்றி தானாக விழுந்து செத்தது உங்கள் குற்றம் ஆகாது. ஆனால் யாரிடமும் சொல்லாமல் புதைத்தது, நாளை எவரேனும் புகார் செய்தால், எதையோ மறைத்தது போலத் தோன்றும். ஆகவே உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சென்று, பன்றியைக் கண்ட நாள், கிணறு இருக்கும் புல எண், புதைத்த இடம், தாமதத்துக்கான காரணம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். புதைத்த இடத்தை நீங்களாகத் தோண்ட வேண்டாம். தேவைப்பட்டால் வனத்துறை கால்நடை மருத்துவரைக் கொண்டு உடற்கூறாய்வு செய்யும். உடலில் கம்பிக் காயமோ மின்சாரத் தீக்காயமோ இல்லை என்று தெரியவருவது உங்களுக்குத்தான் நல்லது. நல்ல வேளையாக நீங்கள் புதைத்தீர்கள். கறியைப் பங்கு போட்டிருந்தால் நான் எழுதும் பதில் வேறாக இருந்திருக்கும்.

அடுத்தது, சுடலாம் என்ற பேச்சு. ஊரில் பேசுவதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி, பாதுகாக்கப்படும் விலங்குகளைப் பட்டியலிடும் இச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. 9-ஆம் பிரிவு அதை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. வேட்டை என்பது துப்பாக்கியால் சுடுவது மட்டுமன்று. விஷம் வைப்பது, சுருக்குக் கம்பி கட்டுவது, பொறி வைப்பது, இரை காட்டி இழுப்பது, இவற்றில் எதற்கும் முயற்சி செய்வது என எல்லாமே அச்சொல்லுக்குள் அடங்கும். 51-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். உரிமம் உள்ள துப்பாக்கி வைத்திருப்பதும் வேட்டைக்கான அனுமதி ஆகாது.

தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த நடைமுறை, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து உள்ள தொலைவை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். அதையும் வனத்துறைதான் செய்யுமே தவிர, நிலத்துக்காரர் செய்ய முடியாது. ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறைப் பணியாளர் ஆகியோர் அடங்கிய கிராமக் குழுவின் பரிந்துரையின் பேரில் நடவடிக்கை தொடங்கும். நீங்கள் சொல்லும் இரண்டு கிலோமீட்டர் சரியாக இருந்தால், உங்கள் நிலம் நடு வளையத்தில் வருகிறது. நீங்கள் கேட்க முடிவது பன்றிகளைப் பிடித்து அகற்றுவதை மட்டுமே. ஆனால் 'சுமார்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு மனு எழுதாதீர்கள். புலப்படத்தின் (நில அளவை வரைபடத்தின்) நகலுடன் கிராம நிர்வாக அலுவலரையும் வனக்காப்பாளரையும் கொண்டு தொலைவை உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று கிலோமீட்டர் கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பொறுத்து உங்கள் கோரிக்கையே மாறிவிடும்.

இந்த நடைமுறையைத் தவிர, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11(1)(பி) பிரிவின்படி, உயிருக்கோ நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தாகிவிட்ட இரண்டாம் அட்டவணை விலங்கை வேட்டையாட, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் அனுமதிக்கலாம். எழுத்தில் அந்த உத்தரவு இல்லாத வரை, வனத்துறை அலுவலர் ஒருவர் வாய்மொழியாகச் சொன்ன சம்மதம் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது.

'என் பயிரைக் காக்க எனக்கு உரிமை இல்லையா?' என்று என்னிடம் வழக்குக்கு வரும் கட்சிக்காரர்கள் கோபத்தோடு கேட்பதுண்டு. நியாயமான கோபம்தான். ஆனால் 11(2) பிரிவு தரும் பாதுகாப்பு, தன்னையோ பிறரையோ காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் கொன்றால் மட்டுமே. தன் மீது பாய்ந்த புலியைச் சுட்ட ஒருவரை கௌகாத்தி உயர் நீதிமன்றம் 1979-இல் விடுவித்ததும் உயிர்க் காப்பின் அடிப்படையில்தான். பயிர்க் காப்பு அந்த உட்பிரிவில் சொல்லப்படவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சொத்துக்குத் தரும் தற்காப்பு உரிமையும் குற்றம் புரியும் மனிதருக்கு எதிரானது. பன்றி குற்றவாளி ஆகாது.

பக்கத்துத் தோட்டக்காரரின் கம்பியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: அதைப் பின்பற்றாதீர்கள். விவசாய இணைப்பிலிருந்து நேரடியாக வேலிக்கு மின்சாரம் கொடுப்பது, அனுமதிக்கப்பட்ட நோக்கத்துக்குப் புறம்பான பயன்பாடு என்ற வகையில், மின்சாரச் சட்டம், 2003-இன் 135-ஆம் பிரிவில் மின்திருட்டாகிறது. அது சிறிய பகுதிதான். அந்தக் கம்பியில் விடியற்காலையில் களையெடுக்க வரும் பெண்ணோ, உங்கள் வீட்டுப் பிள்ளையோ சிக்கி உயிரிழந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துடன் காவல்துறை நிற்பதில்லை. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாக, பாரதிய நியாய சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவிலேயே வழக்குப் பதிவு செய்கிறது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன, நிலத்துக்காரர் கைதானார். யானை முதலாம் அட்டவணை விலங்கு என்பதால் அங்கே குறைந்தபட்சத் தண்டனையே மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. உங்கள் பகுதி புலிகள் காப்பகத்தின் அடிவாரம் என்பதை மறந்துவிடாதீர்கள். பன்றிக்கு வைத்த கம்பி, வருவது பன்றிதானா என்று பார்த்துக்கொண்டிருக்காது. பன்றி கடித்ததும் வெடிக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காய்க்கும் இது பொருந்தும். வெடிபொருள் சட்டமும் அதில் சேர்ந்துகொள்ளும். நிலத்தில் குருணை மருந்து முடிந்து தொங்கவிடும் பழக்கம் இருந்தால் அதையும் கைவிடுங்கள். போரேட் என்ற குருணைப் பூச்சிமருந்தின் விற்பனையும் பயன்பாடும் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுள்ளன.

சட்டப்படியான வேலிக்கு வழி இருக்கிறது. சூரிய மின்வேலியின் கருவி நொடிக்கொரு முறை போல மிகக் குறுகிய அதிர்வாக மின்சாரத்தை விடுவதால், விலங்கு அதிர்ந்து திரும்புமே தவிரச் சாகாது. காப்புக்காட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலங்களில் இத்தகைய வேலிக்கு 2023-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி வனத்துறையிடம் முன் அனுமதி பெற வேண்டும். ஏற்கெனவே உள்ள வேலியைப் பதிவு செய்ய வேண்டும். கருவி இந்திய தர நிர்ணயத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். மானியம் உண்டா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். பழைய சேலை கட்டுவதற்கும், பரண் போட்டுத் தகரம் தட்டுவதற்கும் யாருடைய அனுமதியும் வேண்டாம். நாய்களை ஏவி வளைத்துப் பிடிப்பது மட்டும் வேட்டையாகிவிடும்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, வன விலங்கால் ஏற்படும் பயிர்ச் சேதத்துக்கு ஏக்கருக்கு 25,000 ரூபாய் வரை தமிழக அரசு வழங்குகிறது. 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். கிடைக்கும் தொகை சேத மதிப்பீட்டைப் பொறுத்தது. சேதத்தைப் பார்த்த அன்றே, பன்றியின் குளம்புத் தடமும் கிளறிய மண்ணும் தெரியும்படி, தேதியும் இடமும் பதியும் கைபேசிப் படங்களை எடுங்கள். வனச்சரக அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து, அதன் நகலைக் கிராம நிர்வாக அலுவலருக்கும் கொடுங்கள். அதிகாரிகள் பார்வையிடும் முன் நிலத்தை மறுபடி உழுதுவிடாதீர்கள். பல மனுக்கள் இந்த அவசரத்தால்தான் தோற்கின்றன. பயிர்க் காப்பீடு செய்பவர் என்றால், 2026 காரிப் பருவம் முதல் வன விலங்குச் சேதமும் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் சேர்க்கப்படுவதாக மத்திய அரசு அறிவித்துள்ளது. மாநில அரசு அறிவிக்கை செய்யும் மாவட்டங்களுக்கே அது பொருந்தும் என்பதால், வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்; சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் வழக்கில் பலவீனமான இடம் குத்தகை நிலம். வாய்மொழிக் குத்தகையை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால், பட்டாதாரர் பெயருக்கே தொகை போகலாம், அல்லது மனு கிடப்பில் கிடக்கலாம். நிலத்துக்காரரிடம் பேசி ஓர் எழுத்து ஒப்பந்தமோ, குறைந்தபட்சம் இந்தப் பருவப் பயிர் உங்களுடையது என்ற அவருடைய கையொப்பக் கடிதமோ வாங்கிக்கொண்டு, அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) பயிர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மனு கொடுத்து நியாயமான காலம் கடந்தும் பதில் வராவிட்டால், அதைப் பரிசீலித்து முடிவு செய்ய உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்யலாம். அப்போது நீதிபதி முதலில் கேட்பது ஒப்புகைச் சீட்டைத்தான். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பும் வேலையை மட்டும் எந்த மனுவுக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.