மறு: இடுப்பில் வட்டமாகப் படரும் கடி (அரிப்பு)

தம்பி, பாமசியில் வாங்கிய கிறீம் பூசினால் கடி அடங்குகிறது, விட்டால் இரட்டிப்பாக வருகிறது என்கிறீர்கள். விளிம்பு சிவந்து செதிலோடும், நடு வெளிறியும் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சணத்தால் வரும் படர்தாமரைதான். ரியூப்பைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்று இருந்தால் அது ஸ்டீரொயிட். சிவப்பை மறைத்துவிட்டு உள்ளே பூஞ்சணத்தைப் பரவ விடும். நிறுத்துங்கள், முதலில் கடி கொஞ்சம் கூடலாம், பயப்பட வேண்டாம். பூஞ்சணத்துக்கான மருந்தான குளோட்ரிமசோல் மட்டும் உள்ள கிறீமை, வட்டத்துக்கு வெளியேயும் 2 சென்ரிமீற்றர் தள்ளிப் பூசுங்கள். தடம் மறைந்தாலும் 2 கிழமை விடாதீர்கள்.

அப்புறம், வீட்டில் எல்லாருக்கும் ஒரே துவாயா? அப்படியென்றால் இது சுற்றிச் சுற்றி வரும். குளித்ததும் ஈரச் சாரத்தோடு நிற்காதீர்கள்.

ஸ்டீரொயிட்டை மாதக்கணக்கில் பூசியிருந்தால் யாழ் போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குப் போவதே சரி. செதிலைச் சுரண்டிப் பார்த்து, தேவையென்றால் மாத்திரை எழுதுவார்கள்.