குழுவாக உட்கார்ந்து ஒரு பிரச்சினையின் மூல காரணத்தைக் கண்டுபிடிக்க எப்படி உதவுவது? மீட்டிங் வைத்தால் யாருமே வாய் திறப்பதில்லை.

புதிதாகப் பொறுப்புக்கு வந்திருப்பீர்கள், மேலே இருந்து "நாளைக்குள் காரணம் வேண்டும்" என்று நெருக்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படி மாட்டிக்கொண்டவன்தான்.

கோவையில் ஒரு ஃபவுண்டரியில் (இரும்பை உருக்கி மணல் அச்சில் வார்க்கும் ஆலை) தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். ஒரு கோடையில் பம்ப் கேசிங்கில் (பம்பின் வெளிக்கூடு) ப்ளோ ஹோல், அதாவது வாயு அடைபட்டு வரும் ஓட்டை, விழ ஆரம்பித்தது. 100 உருப்படி வார்த்தால் 14 கழிவு. மேலே தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும், லேத்தில் ஒரு கட் எடுத்ததும் உள்ளே பட்டாணி அளவில் ஓட்டை.

முதல் மீட்டிங் மேனேஜர் அறையில். காரணங்களை வகை பிரித்து ஒவ்வொரு முள்ளாக எழுதும் இஷிகாவாவின் மீன்முள் படத்தைப் போர்டில் வரைந்தேன்: ஆள், இயந்திரம், பொருள், முறை. அரை மணி நேரத்தில் 'ஆள்' என்ற முள் மட்டும் நிரம்பியது, மற்ற மூன்றும் காலி. மணல் அச்சு செய்யும் மோல்டர் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை, அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அடுத்த நாள் ரிஜெக்ட் குவியலுக்குப் பக்கத்திலேயே எல்லோரையும் டீயோடு உட்கார வைத்தேன். மேனேஜரை வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். (மேனேஜர் இருந்தாலே தப்பு என்று நான் சொல்லவில்லை, அன்றைக்கு அவர் இருந்திருந்தால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.) யார் செய்தது என்று கேட்காமல், எந்த உருப்படியில் வருகிறது, எதில் வரவில்லை என்று மட்டும் கேட்டேன். பெட்லிங்கில் இருக்கும் அக்கா சட்டென்று சொன்னார்: "முதல் வரிசை பாக்ஸ்ல வர்றதுதானுங்க சார் ஓட்டையா போகுது. மத்தியானத்துக்கு மேல போட்டதுல பாருங்க, ஒண்ணுமில்ல." அவர் தினமும் சுத்தியலால் மணலைத் தட்டி உதிர்க்கிறவர். அதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

முதல் வரிசை பாக்ஸ் என்றால் காலை 6 மணிக்குக் கலக்கிய மணலில் செய்த அச்சு. அங்கிருந்து ஏன், ஏன் என்று போனோம். மணலில் தண்ணீர் சேர்த்துக் கலக்கும் சாண்ட் மிக்சரில் நிற்பது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பி. அவனுக்குத் தமிழ் அரைகுறை, முதல் மீட்டிங்கில் நாங்கள் பேசியது பாதி புரியவே இல்லை. மோல்டர் அண்ணன்தான் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டுச் சொன்னார். போன மாதம் மோல்டு (மணல் அச்சு) உதிர்கிறது, மணல் காய்ந்திருக்கிறது என்று அவனைத் திட்டியிருக்கிறார்கள். அதற்குப் பயந்து காலையில் அரை பக்கெட் தண்ணீர் கூடுதலாக ஊற்றுகிறான். ஈரத்தை அளந்து பார்க்க வேண்டியதுதானே? மீட்டர் லேபுக்குள். லேப் திறப்பது 9 மணிக்கு, சாவி கெமிஸ்ட்டிடம்.

மறுநாள் 6 மணிக்கே சாவியை வாங்கி வைத்து அளந்தோம். கார்பைடு பொடியோடு மணலைப் போட்டு மூடிக் குலுக்கினால் முள் ஏறும், அந்த மீட்டர். 3.5 சதவீதம் இருக்க வேண்டியது 5-ஐத் தாண்டியது. உருகிய இரும்பு படும்போது அந்தத் தண்ணீரெல்லாம் ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கியிருக்கிறது.

இப்படி 'ஏன்' என்று ஐந்து முறை தொடர்ந்து கேட்கும் 'ஐந்து ஏன்' எல்லாம் பழைய சரக்கு என்று கமெண்ட் வரும், தெரியும். டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாய்ச்சி ஓனோ, ஓர் இயந்திரம் ஏன் நின்றது என்று சொன்ன உதாரணத்தையே பாருங்கள்: ஃபியூஸ் போனது, பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை, பம்ப் சரியாக இழுக்கவில்லை, அதன் தண்டு தேய்ந்திருக்கிறது, வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போயிருக்கிறது. ஐந்து பதிலிலும் ஓர் ஆளின் பெயர்கூட இல்லை. உங்கள் குழுவில் பதில் ஒரு பெயரில் வந்து நின்றால் அதை ஏற்காதீர்கள், "அவர் அப்படிச் செய்ய எது காரணம்?" என்று இன்னொரு முறை கேளுங்கள். எங்கள் விஷயத்தில் திட்டு வாங்கிய பயமும் ஒரு காரணம், லேப் சாவியும் ஒரு காரணம். ஒற்றைக் கோடாக ஒரே காரணம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

    

வாடிக்கையாளருக்கு அனுப்பும் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் 'ஊழியர் கவனக்குறைவு, பயிற்சி அளிக்கப்பட்டது' என்று டைப் அடித்து என் கையெழுத்துக்கு வந்தது. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு 'காலை 6 முதல் 9 வரை ஈரம் அளக்க வசதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலே முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த வாரமே மீட்டர் மிக்சர் பக்கத்துக்கு வந்துவிட்டது, அந்தத் தம்பியே அளந்து சாக்பீஸால் சுவரில் எழுத ஆரம்பித்தான்.