பூசணிப் பை தண்ணீர் விடுவது ஏன்?

கேள்வி: கனடாவில் இருக்கும் தங்கச்சி அனுப்பிய குறிப்பைப் பார்த்துப் பூசணிப் பை (pie), அதுதான் மா அடியில் பூசணிக் கலவை ஊற்றி ஓவனில் வேகவைக்கும் இனிப்பு, செய்தேன். ரின் பூசணி கிடைக்காததால் சந்தைப் பூசணியை அவித்துக் கடைந்தேன். அடி மா களியாகிவிட்டது, மேலே வெடித்துத் தண்ணீர் கசிந்தது, இனிப்பு வாயில் வைக்க முடியவில்லை. எங்கே பிழை? - வாசகி, கிளிநொச்சி

பதில்: இனிப்பை முதலில் முடித்துவிடுவோம். குறிப்பில் இருப்பது எவப்பரேற்றட் மில்க், சீனி சேராமல் வற்றவைத்த பால். எங்கள் கடைகளில் ரின்பால் என்று கேட்டால் கையில் தருவது கண்டென்ஸ்ட் மில்க். அதில் பாதிக்குக் கிட்டச் சீனிதான். நீங்கள் அதை ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை 350 மில்லிலீற்றர் கட்டித் தேங்காய்ப்பால் விடுங்கள், முதற்பால் மட்டும்.

பெரிய வில்லங்கம் பூசணியில். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ரின்னில் வருவது வற்றிய கூழ், உங்களுடையது வற்றாதது. ஒரு கிலோப் பூசணியைத் தோல் சீவி, தண்ணீருக்குள் போடாமல் இடியப்பத் தட்டில் வைத்து ஆவியில் அவியுங்கள். ஆறியதும் பழைய வேட்டித் துணியில் கட்டி முறுக்கினால் மஞ்சள் தண்ணீர் ஓடும். அதோடு விடவேண்டாம். கடைந்து, தாச்சியில் இளநெருப்பில் கிண்டுங்கள். அகப்பையால் நடுவில் இழுத்த கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. அதில் 425 கிராம் போதும்.

அதோடு 3 ஊர்க்கோழி முட்டை, 150 கிராம் சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி கறுவாத்தூள், அரைத் தேக்கரண்டி இஞ்சித்தூள், ஒரு சிட்டிகை கராம்புத்தூள். நான் சீனியில் பாதிக்குப் பனங்கட்டி சீவிப் போடுவேன். நிறம் கறுக்கும், ஆனால் பூசணிக்கு அதுதான் பொருத்தம். தங்கச்சியிடம் சொல்லவேண்டாம்.

வெடிப்புக்குக் காரணம் சூடு. வட்டிலப்பம் அளவுக்கு மிஞ்சி அவிந்தால் ஓட்டை விழுந்து தண்ணீர் விடுமே, இதுவும் அதே முட்டைதான். குறிப்பில் ஓவன் சூட்டுக்குப் போட்டிருக்கும் 425, 350 எல்லாம் பாரன்கைற். 350 என்பது எங்கள் ஓவனில் ஏறக்குறைய 175 பாகை செல்சியஸ். குமிழை முழுக்கத் திருப்பிவிட்டீர்களோ தெரியாது!

மாவுக்கு அவித்த கோதுமை மா சரிவராது, பச்சை மாவே வேண்டும். 200 கிராம் மாவுக்கு 100 கிராம் குளிர்ந்த பட்டர், கொஞ்சம் உப்பு, மூன்று நான்கு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர். எங்கள் வெக்கையில் பட்டர் கையிலேயே உருகும், அதனால் விடியப்புறமே பிசைந்து பிரிட்ஜில் அரை மணித்தியாலம் வையுங்கள். தட்டில் பரப்பி, முள்ளுக்கரண்டியால் குத்தி, மேலே பேக்கிங் பேப்பர் விரித்துப் பச்சையரிசியை நிரப்பி 200 பாகையில் 15 நிமிடம். பிறகு அரிசியையும் பேப்பரையும் எடுத்துவிட்டு இன்னும் 5 நிமிடம். இப்படி முன்கூட்டியே வெந்த மாவுக்குள் கலவையை ஊற்றினால்தான் அடி களியாகாது.

கலவை ஊற்றியபின் 175 பாகையில் 45 நிமிடமளவில். 40 நிமிடத்திலேயே தட்டை மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஓரம் இறுகி, நடுவில் உள்ளங்கை அகலம் மட்டும் தளும்பினால் ஓவனை நிறுத்துங்கள். கதவைக் கொஞ்சம் திறந்து உள்ளேயே ஆறவிட்டால் மிச்சம் தானாக இறுகும். சூட்டோடு வெட்டவேண்டாம். முட்டையும் தேங்காய்ப்பாலும் இருப்பதால், ஆறி முடிந்ததும் பிரிட்ஜுக்குள் போகவேண்டும். அடுத்த நாள் வெட்டினால் துண்டு நேராக வரும்.