காம்போ கிட்டார் ஆம்பில் வெளி ஸ்பீக்கர் கேபினெட்டை இணைப்பது எப்படி?

காம்போ என்றால் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது. அதன் உள் ஸ்பீக்கரைக் கழற்றத் தேவையில்லை. சுவிட்ச் உள்ள கால் அங்குல மோனோ ஜாக் ஒன்று போதும். ஆம்பிலிருந்து வரும் பாசிட்டிவ் வயரை ஜாக்கின் டிப் முனையிலும் (பிளக்கின் நுனியைத் தொடுவது), உள் ஸ்பீக்கரின் பாசிட்டிவை அதன் சுவிட்ச் முனையிலும், நெகட்டிவ் இரண்டையும் ஸ்லீவிலும் (பிளக்கின் உடலைத் தொடும் முனை) சால்டர் செய்யுங்கள். பிளக்கைச் செருகியதும் உள் ஸ்பீக்கர் துண்டிக்கப்படும்.

பிளாஸ்டிக் ஜாக்கையே வாங்குங்கள். பல டிரான்சிஸ்டர் ஆம்ப்களில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது. உலோக ஜாக், எர்த் ஆன உலோகச் சட்டமான சேசிஸைத் தொட்டால் அந்த ரெசிஸ்டர் ஷார்ட்டாகி ஒலியே மாறிவிடும்.

உள்ளே 8 ஓம் என்றால் கேபினெட்டும் 8 ஓம். கிட்டார் கேபிள் வேண்டாம், அதன் நடுக்கம்பி மிக மெல்லியது, 1.5 சதுர மி.மீ. இரட்டை வயர் போடுங்கள். வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் உள்ளது) ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகலாம். ஆஃப் செய்துவிட்டே ஸ்பீக்கர் பிளக்கை மாற்றுங்கள். வால்வு ஆம்பின் கெபாசிட்டர்களில் கரண்ட் பிளக்கை உருவிய பிறகும் 300, 400 வோல்ட் நிற்கலாம். டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.