லோடர் ஒழுகுகிறது, வாரண்டி இல்லை என்கிறார்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மினி டிராக்டரின் முன்னால் மாட்டி, பக்கெட்டால் மண்ணும் உப்பும் அள்ளும் லோடரைப் பற்றியவை. தொண்டியில் தொடங்கி சாயல்குடி வரை, எல்லாம் கடலோரத்து ஊர்கள். அதனால் மிக்ஸியையும் செல்போனையும் அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. உப்பளத்தில் லாரிக்கு உப்பு அள்ளிப் போடும் வேலை. பக்கெட்டைத் தூக்கும் ஜாக்கியில் ஆயில் ஒழுகுகிறது. ஷோரூமில் இரண்டு முறை சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றி, இரண்டு முறையும் காசு வாங்கினார்கள். மறுபடியும் ஒழுகுகிறது. இப்போது "உங்கள் பராமரிப்பு சரியில்லை, வாரண்டி வராது" என்கிறார்கள். இது கம்பெனிக் கோளாறா, என் கோளாறா? (வாலிநோக்கம்)

முதலில் ராடைப் பாருங்கள். லோடரின் கையைத் தூக்கி நிறுத்தி, அடியில் பலமான முட்டுக் கொடுத்து, இஞ்சினை அணைத்துவிட்டு, ஜாக்கியிலிருந்து வெளியே நீளும் அந்தப் பளபளப்பான ராடைத் துணியால் துடையுங்கள். நகத்தால் நீளவாக்கில் மெதுவாக வருடுங்கள். நகம் எங்கேயாவது தட்டினால், அந்த இடத்தில் ஊசி முனை அளவுக்குப் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். ராடின் மேலே இருப்பது குரோம் பூச்சு. அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. உப்பு ஈரம் அதன் வழியே இறங்கி, கீழே இருக்கும் இரும்பை அரிக்கிறது, பூச்சு பொரிந்து எழும்புகிறது. ராடு உள்ளே போய் வரும் ஒவ்வொரு தடவையும் அந்த விளிம்பு சீலின் ரப்பரை அறுக்கிறது. அப்படிப்பட்ட ராடில் எத்தனை சீல் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும். ராடை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி குரோம் ஏற்ற வேண்டும்.

இது ஷோரூம் மெக்கானிக்குக்குத் தெரியாத விஷயம் இல்லை. முதல் சீல் சீக்கிரமே போனபோதே ராடைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் இரண்டாவது சீலுக்கும் காசு வாங்கியது சேவைக் குறைபாடு. அந்தப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ராடு வழுவழுவென்று இருந்தும் ஒழுகுகிறது என்றால் பராமரிப்பு என்ற பேச்சே எடுபடாது. சீலோ ஜாக்கியின் உட்புறமோ சரியில்லை என்று நீங்கள் தைரியமாக வாதாடலாம்.

அரித்திருந்தால் யார் பொறுப்பு? இந்த இடத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு கோபம் உண்டு. மதுரைப் பக்கம் வயலில் ஓடும் வண்டிக்கும் வாலிநோக்கத்து உப்பளத்தில் ஓடும் வண்டிக்கும் ஒரே சர்வீஸ் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள். சாவியைக் கொடுக்கும்போது மாலை போடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் கரையில் இரவுக் காற்று அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். பகலில் வண்டியில் படிந்த உப்புத் தூள் இரவில் உப்புநீராகி, விடியும்வரை இரும்பின் மேலேயே நிற்கிறது. வண்டி ஓடாமல் நிற்கும் நேரத்தில்தான் அதிகம் கெடுகிறது. பாம்பனைப் பாருங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் இரும்பை விடாமல் பெயிண்ட் அடித்துத்தான் காப்பாற்றி வந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் கடல் காற்றைத் தாங்கும் தனிப் பூச்சும் தேவைப்பட்டன. ரயில்வேக்குத் தெரிந்தது நம்மூரில் கடை போட்டு டிராக்டர் விற்கிறவருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் விற்றுவிட்டு, பிறகு "பராமரிப்பு சரியில்லை" என்று கையை விரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்காக உங்கள் பங்கை நான் மறைக்க மாட்டேன். தினமும் வேலை முடிந்ததும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். போர் தண்ணீரில் கழுவுகிறீர்களா? பல ஊர்களில் அதுவே உப்பு. காவிரித் தண்ணீர் குடிக்கவே போதவில்லை என்பது தெரியும். ராடு, லோடரின் மூட்டுகளில் இருக்கும் பின்னுகள், ஆயில் போகும் ஹோஸ் குழாய்களின் இணைப்புகள் ஆகியவற்றை மட்டுமாவது இரண்டு குடம் நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள். நிறுத்தும்போது பக்கெட்டைத் தரையில் இறக்கி, ராடு முடிந்தவரை ஜாக்கிக்குள் போகும்படி விடுங்கள். வெளியே நிற்கும் பகுதியில் கிரீஸ் தடவுங்கள், காலையில் வேலைக்கு முன்னால் அதைத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் அதில் ஒட்டிய மணலே சீலைத் தின்னும்.

லோடருக்கு மாதம் ஒரு முறை கிரீஸ் வைத்தால் போதுமா? (உச்சிப்புளி)

போதாது. வேலை பார்க்கும் ஒவ்வொரு நாளும், கிரீஸ் ஏற்றும் ஒவ்வொரு நிப்பிளிலும், மூட்டுப் பின்னின் ஓரத்தில் பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை.

டிராக்டரை ஷோரூமில் வாங்கினேன். லோடரும் வேண்டும் என்றதும் அவர்களே ஒரு பட்டறைக்கு அனுப்பி மாட்டிக் கொடுத்தார்கள். இப்போது ஹைட்ராலிக் பம்ப் (ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்ப்) போய்விட்டது. "வெளி லோடர் மாட்டியதால் வாரண்டி ரத்து" என்கிறார்கள். பட்டறைக்காரர் "பம்ப் டிராக்டருடையது, எனக்கென்ன" என்கிறார். (தொண்டி)

உங்களை இருவரும் சேர்ந்து பந்தாடுகிறார்கள். வாரண்டி ரத்தாகும் என்று தெரிந்தே மாட்டிவிட்டவர், அதை வாங்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். லோடருக்கு யாரிடம் பணம் கொடுத்தீர்கள், எதில் எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் இப்போது முக்கியம். ஷோரூம் பில்லில் லோடர் இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. துண்டுச்சீட்டுதான் இருக்கிறது என்றாலும் கவலை வேண்டாம். அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, கடன் வாங்கியிருந்தால் வங்கிக்குக் கொடுத்த கொட்டேஷன் (விலை எழுதிய தாள்), பணம் போன கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கடன் கொடுத்த வங்கியில் அந்தக் கொட்டேஷன் நகல் கட்டாயம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கும்போது ஷோரூம், பட்டறை இரண்டையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர் மேல் கையைக் காட்டித் தப்பித்துவிடுவார்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: இந்த மாடலில் இந்த லோடரை மாட்டினால் டிராக்டர் வாரண்டி ரத்தாகாது என்று ஷோரூம் முத்திரையோடு எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

லோடர் அள்ளுவது போதவில்லை என்று பக்கெட்டின் ஓரத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்து உயரம் கூட்டினோம். ஈர மணல் அள்ளும்போது பின்சக்கரம் தூக்குகிறது. போன வாரம் முன் ஆக்சில் முறிந்துவிட்டது. கம்பெனி புது ஆக்சில் தருமா? (சாயல்குடி)

தராது. கேட்டும் பயனில்லை.

ஒரு கன மீட்டர் உப்பு சுமார் 1.2 டன். ஈர மணல் கிட்டத்தட்ட 2 டன். உப்புக்கே அளவான பக்கெட்டை உயர்த்தி, அதில் மணலை நிரப்பினால் என்ன ஆகும் என்று தகடு வைக்கும் முன்பு யாராவது ஒருவர் யோசித்திருக்கலாம். பின்சக்கரம் தூக்கியது என்றால் மொத்தப் பாரமும் முன் ஆக்சிலில் வந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்தில்தான் இருக்கிறது. அது தரையில் படவில்லை என்றால் உங்கள் வண்டிக்கு அந்த நிமிடம் பிரேக்கே இல்லை. சரிவில் இருந்திருந்தால் நீங்கள் ஆக்சிலைப் பற்றி எழுதியிருக்க மாட்டீர்கள், டிரைவரைப் பற்றி எழுதியிருப்பீர்கள். தவறாகப் பயன்படுத்திய, மாற்றியமைத்த பொருளால் தீங்கு நேர்ந்தால் விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்குப் போட முடியாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் 87-ஆவது பிரிவே சொல்கிறது.

தகட்டை வெட்டி எடுங்கள். லோடர் வேலையின்போது பின்னால் வெயிட் மாட்டுங்கள். தனி வெயிட் இல்லையென்றால் மண் கிளறும் ரொட்டவேட்டரையாவது மாட்டி வையுங்கள். பாரத்தோடு நகரும்போது பக்கெட் தாழவே இருக்கட்டும்.

நகையை அடகு வைத்து, மீதிக்குக் கடன் வாங்கி எடுத்த வண்டி. நானேதான் ஓட்டுகிறேன், வாடகைக்கும் போகிறேன். மூன்றாம் மாதமே லோடர் கையில் வெல்டிங் இடத்தில் விரிசல். ஷோரூமில் மேலே ஒரு வெல்டிங் வைத்து பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள், மறுபடி அதே இடத்தில் விட்டுவிட்டது. வழக்குப் போடுவேன் என்றால், "வாடகைக்கு ஓட்டுகிற நீ நுகர்வோரே இல்லை" என்று மிரட்டுகிறார்கள். (மண்டபம்)

மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள், தம்பி. வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது உண்மை. ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழிலுக்கு மட்டும் வாங்கியவர் நுகர்வோர்தான் என்று அதே 2019 சட்டம் சொல்கிறது. பழைய நுகர்வோர் சட்டம் இருந்த காலத்திலேயே, 1995-இல், உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகவே சொல்லிவிட்டது: ஆட்டோவோ காரோ லேத்தோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர், கூடமாட ஒத்தாசைக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர். முழுக்க வேறொருவரை வைத்தே ஓட்டினால்தான் சிக்கல். புகாரில் முதல் பத்தியிலேயே "இதுவே என் பிழைப்பு, நானே ஓட்டுகிறேன்" என்று எழுதுங்கள், ஓட்டுநர் உரிமத்தின் நகலையும் வையுங்கள்.

இன்னொன்று. மறுபடி வெல்டிங் வைக்க விடவே விடாதீர்கள். அந்த விரிசல்தான் உங்கள் சாட்சி. பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, வண்டியின் சேசிஸ் எண்ணும் தெரியும்படி போட்டோ எடுங்கள். பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதைக் கேட்டு மனுக் கொடுங்கள். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள், சில ஷோரூம்கள் அதற்கே இறங்கி வருகின்றன.

பழைய மினி டிராக்டர் லோடரோடு விலைக்கு வருகிறது. புதிதாகப் பெயிண்ட் அடித்து அருமையாக இருக்கிறது. வாங்கலாமா? (கீழக்கரை)

புதுப் பெயிண்ட் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நான் வாங்கிய பழைய பவர் டில்லரும் அப்படித்தான் மின்னியது. சேற்றில் இறங்கிய கொஞ்ச நாளிலேயே பெயிண்ட் பெயர்ந்து, அடியில் துருவும், துருவை மூடிய பட்டிப் பூச்சும் தெரிந்தன. விற்றவர் அதன்பிறகு என் போனை எடுக்கவே இல்லை.

பக்கெட்டைத் தரையிலிருந்து ஓரடி தூக்கி, இஞ்சினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் பாருங்கள். வேகமாகத் தாழ்ந்தால் ஜாக்கியோ வால்வோ உள்ளே கசிகிறது. பக்கெட்டை இறக்கிவிட்டு அதன் ஓரத்தைக் கையால் ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன, கிரீஸ் கன் அந்த வண்டியின் பக்கமே வந்ததில்லை. ஹோஸின் ரப்பர் உரிந்து உள்ளே கம்பி தெரிந்தால் எல்லா ஹோஸுக்கும் காசு எடுத்து வையுங்கள். ஆயில் பாலாடை நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பெரும்பாலான மினி டிராக்டர்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான், ஆகவே தண்ணீர் இரண்டுக்கும் போயிருக்கும். அதற்கு மேல் பேரம் பேச வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்கிறேன், பில் வாங்கியதில்லை. பரவாயில்லையா? (ஏர்வாடி)

நாளைக்கு நீங்கள் ஏமாற்றப்பட்டால், நல்லபடியாகப் பராமரித்தீர்கள் என்று யார் சொல்வார்கள்? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வண்டியிலேயே வையுங்கள். தேதி, மீட்டரில் ஓடிய மணி, மாற்றிய ஆயில், ஃபில்டர், மெக்கானிக் கையெழுத்து. ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய பில்லை அதிலேயே ஒட்டுங்கள். வாரண்டி இருக்கும்வரை அவர்கள் குறித்த மணிக்கணக்குச் சர்வீஸை மட்டும் ஷோரூமில் விட்டு, செய்த வேலையை எழுதிய ஜாப் கார்டின் நகலை வாங்கிக்கொண்டே வண்டியை எடுங்கள்.

ஹோஸில் எங்கோ ஆயில் கசிகிறது, ஓட்டை தெரியவில்லை. இஞ்சினை ஓடவிட்டு விரலால் தடவிப் பார்க்கலாமா? (தேவிபட்டினம்)

வேண்டவே வேண்டாம். ஊசித் துவாரத்திலிருந்து அழுத்தத்தோடு வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே முள் குத்திய அடையாளம்தான் இருக்கும், வலியும் முதலில் தெரியாது. உள்ளே சதை அழுகி விரலையே எடுக்கும்படி ஆகிவிடும். ஒரு அட்டையை நீளமான குச்சியில் கட்டி ஹோஸ் ஓரமாகக் காட்டுங்கள், ஆயில் படும் இடம் தெரிந்துவிடும். பிறகு இஞ்சினை அணைத்து, பக்கெட்டைத் தரையில் இறக்கி, லீவரை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தத்தை விட்டபின்தான் ஹோஸில் கை வைக்க வேண்டும். ஏற்கெனவே தடவிப் பார்த்து, விரலில் சின்னப் புள்ளி ஏதாவது இருந்தால், வீங்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஹைட்ராலிக் ஆயில் தோலுக்குள் போயிருக்கிறது என்று டாக்டரிடம் அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.